கரண்ட் இருக்கிறதா, இல்லையா? வீட்டு மின்கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: எதுவரை நானே பார்க்கலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் செய்துவிடலாம். எந்தக் கருவியைப் போட்டதும் மின்சாரம் போனது? உடனே போனதா, அரை மணி நேரம் கழித்தா? ஓர் அறையிலா, வீடு முழுவதுமா? கருகிய வாடை வந்ததா? மழை பெய்ததா? இவற்றைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவர், வேலைக்கு வரும் எலெக்ட்ரீஷியனுக்குப் பாதி வழியைக் காட்டிவிடுகிறார்.

பழுது நீக்குவது வேறு. பிளக், பல்பு ஹோல்டர், மின்விசிறியின் கெப்பாசிட்டர் போன்றவற்றை, மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டு, கைப்பழக்கம் உள்ளவர் மாற்றலாம். சுவருக்குள் ஓடும் வயரிங்கில் கை வைப்பது பல நாடுகளில் உரிமம் பெற்றவருக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட வேலை. மீட்டரையும் மெயின் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் எதையும் உங்களால் அணைக்கவே முடியாது. அணைக்க முடியாததைத் திறக்காதீர்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்துவிட்டேன். அது போதாதா?

போதாது. சாதாரணச் சுவிட்ச் இரண்டு கம்பிகளில் ஒன்றைத்தான் துண்டிக்கிறது. அது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும். ஆனால் வயரிங் செய்தவர் தவறி, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலில் சுவிட்சைப் போட்டிருந்தால், விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டருக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கம்பியின் நிறத்தையும் நம்பிவிட முடியாது. பழுப்பு அல்லது சிவப்பு ஃபேஸ், நீலம் அல்லது கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி) என்பதெல்லாம் விதி. கையில் மிஞ்சியிருந்த கம்பியைக் கொண்டு வேலையை முடித்தவர் அந்த விதியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே அந்தப் பகுதிக்கான எம்சிபியை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சை) அணையுங்கள். எது என்று சந்தேகம் இருந்தால் மெயினையே அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் அல்லது சூரிய மின்சாரம் இருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும். மெயினை அணைத்ததும் ‘கரண்ட் போய்விட்டது’ என்று எண்ணிக்கொண்டு இன்வெர்ட்டர் கடமை தவறாமல் அதே கம்பிக்கு மின்சாரத்தை அனுப்பும். இதை மறந்து அடி வாங்கியவர்களில் தொழில் தெரிந்தவர்களும் உண்டு.

பிறகு சோதனை. முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில், மின்னழுத்தத்தை அளந்து காட்டும் மல்டிமீட்டரைச் சோதியுங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் சோதியுங்கள். மறுபடியும் முதல் சாக்கெட்டுக்கு வந்து சோதியுங்கள். மூன்றாவது சோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: நீங்கள் ஏணியில் இருக்கும்போது வேறு யாராவது வந்து, ‘இது ஏன் அணைந்திருக்கிறது’ என்று எம்சிபியைத் தூக்கிவிடக்கூடும். அதன் மேல் ஒட்டுநாடாவை ஒட்டிச் சீட்டு எழுதிவையுங்கள். பழைய ஃபியூஸ் கட்டையாக இருந்தால் கழற்றிச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் எதையும் முடிவு செய்யக் கூடாது.

டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவருக்குள் ஒரு சிறிய நியான் விளக்கும், அதனோடு சுமார் 10 லட்சம் ஓம் மின்தடையும் இருக்கின்றன. ஃபேஸில் வைத்தால் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் அவற்றின் வழியாக உங்கள் உடலுக்குள் சென்று தரையில் இறங்குகிறது. அந்தச் சுற்றில் நீங்களும் ஒரு கம்பிதான். ரப்பர் செருப்போ மர ஏணியோ தரையிலிருந்து உங்களைப் பிரித்துவிட்டால் விளக்கு மிக மங்கலாகத்தான் எரியும். அதுவும் வெயிலில் கண்ணுக்கே தெரியாது.

நான் ஒருமுறை நண்பகலில் மொட்டை மாடியில் மர ஏணி மேல் நின்று சோதித்தேன். டெஸ்டர் எரியவில்லை. கம்பியைப் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. மறுகை பக்கத்து இரும்புக் குழாயில் பட்டபோதுதான் அந்தக் கம்பியில் கரண்ட் இருந்தது தெரிந்தது. ஏணி காப்பாற்றிக்கொண்டிருந்ததை டெஸ்டர் காப்பாற்றியதாக நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து ‘எரிகிறதா’ என்று பார்க்க மட்டுமே டெஸ்டர். ‘இல்லை’ என்று உறுதிசெய்ய மல்டிமீட்டர்.

கேள்வி: சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எந்தக் கருவியும் ஓடவில்லை. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நியூட்ரல் அறுந்திருக்கிறது.

எங்கோ ஒரு விளக்கோ மின்விசிறியோ போட்ட நிலையிலேயே இருக்கும். ஃபேஸ் அதன் வழியாக மறுபக்கம் வந்து நியூட்ரல் கம்பியை அடைகிறது. திரும்பிப் போக வழியில்லாததால் அங்கேயே நின்றுவிடுகிறது. எல்லாக் கருவிகளின் பிளக்கையும் உருவி, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஒரு துளையில் மட்டும் எரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஓர் அறையில் மட்டும் இப்படி என்றால் அந்த அறைக்குப் போகும் ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் இணைப்பு கழன்றிருக்கும். வீடு முழுவதும் என்றால் மெயின் பக்கம்.

இதில் உள்ள ஆபத்து வேறு. விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுற்றவில்லை, வீடே இருட்டு. பார்ப்பவர் கரண்ட் இல்லை என்றே நினைப்பார். உண்மையில் வழக்கமாக ஒரு கம்பியில் இருக்கும் கரண்ட் இப்போது இரண்டிலும் இருக்கிறது.

கேள்வி: சில விளக்குகள் கண் கூசும்படி எரிகின்றன, சில மங்கிவிட்டன. என்ன செய்வது?

காரணம் தேடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மும்முனை இணைப்பில் பொதுவான நியூட்ரல் துண்டானால் 230 வோல்ட் கிடைக்க வேண்டிய கருவிகளில் சிலவற்றுக்கு அது 400 வோல்ட்டை நெருங்கி ஏறிவிடும். தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் சில விநாடிகளில் போய்விடலாம். கோளாறு தெருக் கம்பத்தில் இருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறது. பெரிய ஆம்பியர் எம்சிபி போட்டுவிட்டால் தொல்லை தீருமா?

டிரிப் ஆவது தீரும். அந்தச் சூடு சுவருக்குள் போகும்.

எம்சிபி காப்பாற்றுவது உங்கள் கருவியை அல்ல, சுவருக்குள் இருக்கும் கம்பியை. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், கம்பி உருகத் தொடங்கும்போதும் எம்சிபி அமைதியாக இருக்கும். பழைய ஃபியூஸில் கிடைத்த செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவதும் இதே வேலைதான்.

எம்சிபி எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். அதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று, சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. அளவுக்குச் சற்று மிஞ்சிய மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்த்துத்தான் விழும். மற்றொன்று, மின்காந்தச் சுருள். பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் விழும். போட்டவுடன் ‘டப்’பென்று விழுந்தால் ஷார்ட் சர்க்கியூட்டைத் தேடுங்கள். இருபது நிமிடம் ஓடிப் பிறகு விழுந்தால் லோடைக் கூட்டிப் பாருங்கள். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதனுடன் 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்தால் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் எம்சிபி விழுவதில் குற்றம் எதுவும் இல்லை.

கூட்டிப் பார்த்தும் லோடு குறைவு, ஆனாலும் விழுகிறது என்றால், எம்சிபியின் திருகு தளர்ந்து அங்கேயே சூடாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எம்சிபியும் வயதாகிக் கெட்டுப்போகும். அப்போது மாற்றலாம், அதே ஆம்பியரில்.

கேள்வி: எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு?

மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே மிக அதிகம். 10 ஆம்பியர் எம்சிபிக்கு அது தூசு. ஒருவர் ஃபேஸைப் பிடித்துத் துடித்துக்கொண்டிருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

சிலர் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்று சொல்லும் ஆர்சிசிபி வேறு கணக்குப் பார்க்கிறது. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், யாரோ ஒருவரின் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ அது தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். தரையைத் தொடாமல், ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தவரை அது காப்பாற்றாது. போனது அப்படியே திரும்பி வருகிறது அல்லவா? அதற்கு நீங்கள் இன்னொரு விளக்கு. அதேபோல் ஓவர்லோடையும் அது பார்க்காது. அதனால் இரண்டும் வேண்டும்.

அதன் முகப்பில் ‘டி’ (T, அதாவது டெஸ்ட்) என்று ஒரு பொத்தான் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். பல வீடுகளில் அந்தப் பொத்தானை யாரும் தொட்டதே இல்லை. உள்ளே இயந்திரம் இறுகிப்போயிருந்தால் தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

கேள்வி: ஆர்சிசிபி திரும்பத் திரும்ப விழுகிறது. குற்றவாளியை எப்படிப் பிடிப்பது?

எல்லாக் கருவிகளின் பிளக்கையும் உருவுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் இங்கே பயன்படாது. கசிவு நியூட்ரல் கம்பி வழியாகவும் நடக்கலாம். எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பகுதியின் வயரிங்கில் பழுது. எதை ஏற்றியும் விழாவிட்டால், கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

என் பட்டியலில் முதல் சந்தேகம் எப்போதும் வாட்டர் ஹீட்டர் மேல்தான். வெப்பமூட்டும் கம்பியின் உறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அடுத்தது தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், வெளிச்சுவரில் மழையில் நனையும் விளக்கு. மழை நாளில் மட்டும் விழுந்து வெயில் வந்ததும் சரியானால் வெளிச்சுவரிலிருந்து தொடங்குங்கள்.

எல்லா எம்சிபிகளையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி விழுகிறதா? ஒற்றைமுனை எம்சிபி ஃபேஸை மட்டும் வெட்டுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எங்கோ ஒரு நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இதைப் பிடிக்க நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அது எலெக்ட்ரீஷியனின் வேலை.

எந்த ஒரு கருவியும் குற்றவாளியாக இல்லாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எந்த அளவிலும் விழ அனுமதி உண்டு. ஆளுக்கு இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் கசியும் ஆறேழு கருவிகள் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால் கூட்டுச் சதி ஆகிவிடும். எது எப்படியானாலும், தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைத்துவிடுவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: பிளக் சூடாகிறது. சில நேரம் மீன் வாடை போல ஏதோ வருகிறது.

சமையலறையில் மீன் இல்லாமல் மீன் வாடை வந்தால் சாக்கெட்டுகளை முகர்ந்து பாருங்கள். சூடேறும் பிளாஸ்டிக் பாகங்கள் சில அப்படித்தான் நாறும்.

எம்சிபி, ஆர்சிசிபி இரண்டின் கண்ணிலும் படாத கோளாறு இது. தளர்ந்த திருகில் அரை ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் அதன் வழியே போனால் அங்கே 50 வாட்ஸ் வெப்பம் பிறக்கிறது. கட்டைவிரல் அளவு இடத்தில், மூடிய பெட்டிக்குள், ஒரு சாலிடரிங் அயர்ன் எரிவது போல. மின்னோட்டம் அளவுக்குள்தான் இருக்கிறது, அதனால் எம்சிபி விழாது. போனது எல்லாம் திரும்பி வருகிறது, அதனால் ஆர்சிசிபியும் விழாது. சூட்டில் திருகு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும். வீட்டில் நான் மிக அதிகமாக அஞ்சுவது இதற்குத்தான்.

பிளக்கை உருவிப் பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். கம்பியின் முனை கருகியிருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும். இழைக் கம்பியின் முனையில் ஈயம் பூசித் திருகுவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுத்து, சில மாதங்களில் திருகு மறுபடியும் தளர்ந்துவிடும். முறுக்கி இறுக்கினாலே போதும். உறைமுனை (கம்பியின் முனையில் மாட்டி நசுக்கும் சிறு உலோகக் குழல்) பொருத்தினால் இன்னும் நல்லது.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. கவலைப்பட வேண்டுமா?

ஆம். எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி அது. சிறு கசிவு எல்லாக் கருவிகளிலும் உண்டு. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்களுக்காகக் காத்திருக்கும். இன்று சுர்ரென்பது, நாளை உள்ளே ஒரு கம்பி உரசிப் பெட்டியைத் தொட்டால் முழு 230 வோல்ட்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பல பிளக்குகளில் எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான். அதை வெட்டிவிட்டுச் செருகுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எர்த் கிடைக்காத இடத்தில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மீட்டரில் பார்த்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: அந்தக் கணமே பெட்டியின் உடல் முழுவதும் ஃபேஸ். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் வேண்டாம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எல்லாக் குழாய்களிலும் கரண்ட் ஏறும்.

கேள்வி: மெயினை அணைத்த பிறகு ஒரு கம்பியில் மல்டிமீட்டர் 60 வோல்ட் காட்டுகிறதே?

டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். கரண்ட் ஓடும் வேறொரு கம்பி பக்கத்தில் இருந்தால், தொடாமலேயே தூண்டப்படும் துளி மின்னழுத்தத்தைக்கூட அது பெரிதாகக் காட்டிவிடும். மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருந்தால் இது வரக் கூடாது. வந்தால் ‘பேய் வோல்டேஜ்’ என்று ஒதுக்கிவிடாமல், வேறு எங்கிருந்தாவது மின்சாரம் நுழைகிறதா என்று தேடுங்கள். மீட்டரின் சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருக்கும்போது சாக்கெட்டில் வைத்துவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட் சர்க்கியூட்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி விளக்கு மங்கலாக எரிகிறது.

சுவிட்சில் சிறு குறியீட்டு விளக்கு இருந்தால் அதன் வழியாகச் செல்லும் துளி மின்னோட்டமே போதும். நீளமான கம்பிகள் அருகருகே ஓடினாலும் இப்படி ஆகும். இவற்றால் கெடுதல் இல்லை. சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது மூன்றாவது காரணம். அதை மட்டும் சரிசெய்துவிட வேண்டும்.

கேள்வி: மின்விசிறி முனகுகிறது, சுற்றவில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். கனமாக இருந்தால் பேரிங். இலகுவாகச் சுற்றுகிறது, மின்சாரத்தில் மட்டும் நகர மறுக்கிறது என்றால் கெப்பாசிட்டர். மெதுவாகச் சுற்றுவதற்கும் அதுவே பல நேரங்களில் காரணம். பழையதன் மேல் எழுதியுள்ள மைக்ரோ ஃபாரட் அளவிலேயே புதியதை வாங்குங்கள். கூட்டிப் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்தால் சுருள் சூடாகிக் கருகும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம், முனைகளை விரலால் தொடாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டர் இதற்கு அண்ணன். ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர் போடலாமா?

வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் பெட்டியில் எழுதியுள்ள ஆம்பியரைப் பாருங்கள், சுருட்டிய ஒயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

கேள்வி: ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள் அல்லது பிளக்கை உருவுங்கள். சுவிட்ச் தொலைவில் இருந்தால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கம்பியிலிருந்து தள்ளிவிடுங்கள். தெருக் கம்பியாக இருந்தால் அதுவும் கூடாது. மின்வாரியம் துண்டிக்கும்வரை நெருங்கக் கூடாது.

மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு உடனே மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை. எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று அவரே சொன்னாலும், மயங்கியிருந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ ஒரு கையிலிருந்து மறுகைக்கு மின்சாரம் பாய்ந்திருந்தாலோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோலில் தெரியும் தீக்காயம் மிகச் சிறியதாக இருக்கும். மின்சாரம் போன வழி உள்ளே இருக்கும்.